விழுவதைத் திருத்துகிறவர்

என் வினாத்தாளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அழகுமுத்துவின் விரல்கள் ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டன. ஜன்னலுக்குக் கீழே, ஹற்றன் பஸ் தரிப்பிடத்தின் ஓரத்தில், லீக்ஸ் மூட்டையொன்றைத் தோளில் வைத்திருந்த மனிதர் மழைநீர் நிரம்பி ஓடிய கானைத் தாண்டத் தயாராகிக்கொண்டிருந்தார். அவர் தாண்டி முடிக்கும்வரை இவர் மூச்சு விடவில்லை. பிறகு விசைப்பலகையை ஒதுக்கிவிட்டு, இரண்டு விரல்களை மேசைமேல் கால்களாக நிறுத்தி அந்தத் தாண்டலைச் செய்து பார்த்தார். சரிவரவில்லை. மறுபடி செய்தார்.

“மொதல்ல தோள்பட்டதான் எறங்குது டீச்சர். அதுக்கப்புறந்தான் காலு எந்திரிக்குது. கவனிச்சீங்களா?”

நான் கவனிக்கவில்லை. நாளை மறுநாள் தவணைப் பரீட்சை. எனக்கு எட்டாவது கேள்வி வேண்டியிருந்தது.

அழகுமுத்துவுக்கு முப்பத்து மூன்று வயது. இரும்புக் கடையொன்றின் பக்கவாட்டில் ஏறும் மரப்படிகளின் உச்சியில் அவருடைய அறை இருக்கிறது. அறையின் ஒரு பாதியில் கணினியும் அச்சு இயந்திரமும். மறு பாதியில் மனைவி ஏஞ்சலாவின் தையல் இயந்திரம், துணிக் கட்டுகள், ஓர் ஆளுயரக் கண்ணாடி. இரண்டு தொழிலுக்கும் வாசலில் ஒரே பலகைதான். மேல் வரியில் ‘விண்ணப்பங்கள் நிரப்பப்படும்’, கீழ் வரியில் ‘சட்டைகள் அளவு குறைக்கப்படும்’. அடையாள அட்டைக்கு வந்தவர்கள் கால்சட்டையை மடித்துத் தைத்துக்கொண்டு போவதுண்டு.

அவருடன் வீதியில் சேர்ந்து நடப்பது சிரமம். பேசிக்கொண்டே வருவார், திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் நிற்பார். முன்னால் போகிறவரின் நடையைப் பார்ப்பதற்காகத்தான் அப்படிப் பின்தங்குவது. முகங்களை அவர் அவ்வளவாக நினைவில் வைத்திருப்பதில்லை. “அந்த எடது தோள இழுத்துகிட்டு நடப்பாருல்ல, அவரு” என்றுதான் தபாற்காரரைச் சொல்வார். நான் அங்கே போகத் தொடங்கி இரண்டு மாதம் இருக்கும், ஒருநாள் என்னிடமும் சொன்னார்:

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பஸ்ஸுல இருந்து எறங்குறப்ப நீங்க எடது கால நம்புறதில்ல.”

தொண்ணூற்றைந்தில், போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் நடந்து வெளியேறிய அன்று, கைதடியை எட்டுவதற்குள் என் இடது கணுக்கால் சுளுக்கியது. அதை நான் மறந்தே போயிருந்தேன். யாரிடமும் சொன்னதுமில்லை.

அவர் செய்யும் மற்ற வேலைக்கு ஹற்றனில் பெயர் கிடையாது. கணினியில் உதைபந்தாட்டம் ஆடுகிற வீடியோ விளையாட்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஓடுகிற, உதைக்கிற, விழுகிற ஆட்களின் அசைவுகளை அழகுமுத்து திருத்துகிறார். யாரும் கேட்டுச் செய்வதில்லை. திருத்தியதை இணையத்தில் போட்டுவிடுகிறார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதை எடுத்துத் தங்கள் கணினியில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

முதல் தடவை அந்த விளையாட்டை எனக்குக் காட்டியபோது அதில் பிழையொன்றும் எனக்குத் தெரியவில்லை. பச்சைப் புல், வெள்ளைக் கோடு, ஓடுகிற ஆட்கள். அவர் ஒரு பென்சில் நுனியைத் திரையில் ஓர் ஆட்டக்காரரின் பாதத்துக்கு நேராக வைத்தார்.

“இந்தக் காலு தரையில ஊன்டியிருக்கு. ஒடம்புப் பாரம் பூரா இதுலதான். அப்ப இது நகரலாமா?”

நகர்ந்தது. ஊன்றிய பாதம், எண்ணெய் தடவிய தரையில் போவதுபோல், புல்லின்மேல் வழுக்கிக்கொண்டே போனது. அதைக் கண்ட பிறகு அந்த விளையாட்டில் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

“எங்கம்மா மலையில கொழுந்துக் கூடையோட எறங்குறப்ப ஊன்டுன காலு இப்படி நகந்தா என்னாகும்? கான்ல கெடப்பாங்க.”

திரையில் ஓடும் ஒவ்வோர் ஆட்டக்காரரும் சட்டைக்குள்ளே வெறும் எலும்புக்கூடுதான் என்று அவர் விளக்கினார். இருபது மூட்டுகள். விநாடிக்கு இருபத்தைந்து படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது எண்களாக எழுதப்பட்டிருக்கிறது. எந்த நாட்டிலோ ஒருவர் அந்த எண்களைத் திறந்து மாற்றுவதற்கு ஒரு சிறிய மென்பொருள் எழுதி, யாரும் பாவிக்கட்டும் என்று விட்டிருந்தார். அதை வைத்துக்கொண்டு ஐந்து வருடங்களில் பதினான்கு அசைவுகளை இவர் திருத்தியிருக்கிறார். ஓடிக்கொண்டே திரும்புவது, பந்தை நெஞ்சில் வாங்கி இறக்குவது, ஈரப் புல்லில் சறுக்கிச் சமாளிப்பது, இப்படி. திரும்பும் அசைவு ஒன்றுக்கு மட்டும் ஏழு மாதம் பிடித்ததாம். ஓடுகிறவன் வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அதற்கு முந்திய அடியிலேயே இடது பாதம் அதற்குத் தயாராகிவிடுகிறது. அந்த முந்திய அடியைத்தான் விளையாட்டைச் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஆகவே அவருக்கு வரும் மின்னஞ்சல்களைப் படித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. ஒருவர், உங்கள் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் உடம்பில் எடை இருக்கிறது, எந்த ஸ்ரூடியோவில் பதிவு செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். என்ன பதில் எழுதலாம் என்று கேட்டேன். அழகுமுத்து பாலில்லாத பிளேன்டீயை ஒரு வாய் குடித்து, உள்ளங்கையில் இருந்த சீனியை நக்கிக்கொண்டு யோசித்தார்.

“எங்க ஊரு சரிவுன்னு எழுதுங்க டீச்சர். வேற என்னத்த சொல்ல.”

அவர் திருத்தியவற்றில் அதிகம் பேர் எடுத்துக்கொண்டது ‘விழுதல்’. சறுக்கி வந்தவனின் கால் பட்டு, ஓடிக்கொண்டிருந்தவன் விழுகிற அசைவு. அதைப் புகழ்ந்து மட்டும் முப்பதுக்கு மேல் கடிதங்கள் நான் படித்துச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “அது சரியில்ல டீச்சர். அவங்களுக்குத் தெரியல.”

ஏன் சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. ஏஞ்சலா சொன்னார், ஒரு நாள் அழகுமுத்து அச்சு இயந்திரத்துக்கு மை வாங்கப் போயிருந்தபோது, கால்சட்டையொன்றின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே.

அழகுமுத்து, ஏஞ்சலா இருவருமே லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர்கள். அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் ஆண்டுதோறும் உதைபந்தாட்டம் நடக்கும். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்புக் கழகமொன்றிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தோட்டத்திலிருந்து ஒரே ஓர் ஆளைத் தெரிந்தெடுத்துப் போகப் போகிறார் என்பது தொழிலாளர் லயங்கள் முழுவதும் தெரிந்த செய்தி. கீழ்ப்பிரிவில் கோல் அடிப்பவர் பொன்னையா. மேற்பிரிவில் அவரை மறிக்க வேண்டியவர் அழகுமுத்து. இருவரும் ஒரே வயது. ஒரே வகுப்பில் படித்தவர்கள். மழைக்காலத்தில் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள்.

“அன்னைக்கி பொன்னையாண்ணன் மூணு தடவ இவரத் தாண்டிப் போனாரு டீச்சர். மூணாவது தடவ சனம் சிரிச்சிருச்சு. நானும் சிரிச்சேன். அப்ப எனக்கு இவரு யாரோதானே.” ஏஞ்சலா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “நாலாவது தடவ இவரு சறுக்கிக்கிட்டு போனாரு. சத்தம் எங்க வரைக்கும் கேட்டுச்சு. காஞ்ச மிலாறு முறிக்கிற மாதிரி.”

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளைத்தான் அங்கே மிலாறு என்பார்கள். அடுப்பெரிக்க முழங்காலில் வைத்து முறிப்பார்கள்.

கொழுந்து லொறியில்தான் பொன்னையாவைக் கொண்டுபோனார்கள். எலும்பு பொருந்தியது, முழங்கால் மடங்கவில்லை. பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்ததால் நடுவருக்குச் சரியாகத் தெரியவில்லை. வேண்டுமென்றே காலைப் போட்டாயா என்று அழகுமுத்துவையே கேட்டார். அழகுமுத்து, “நான் பந்தத்தான் பாத்தேன்” என்றார். தோட்டத் தலைவர்மார் கேட்டபோதும், தன் தாயார் கேட்டபோதும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பொன்னையாவிடமும் அதையேதான் சொன்னார். கொழும்பிலிருந்து வந்தவர் தம் கழகத்தின் முகவரியை எழுதி அழகுமுத்துவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போகவில்லை. பிறகு பந்தைத் தொடவுமில்லை.

“கலியாணம் முடிச்சு ஏழு வருசம். நான் ஒருநாளும் கேட்டதில்ல, அவரா சொன்னதுமில்ல” என்றார் ஏஞ்சலா.

கண்டியில் கணினி படிக்கப் போன இடத்தில்தான், இரண்டாயிரத்து இரண்டில், அழகுமுத்து முதன்முதலாக அந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறார். கூடப் படித்தவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சறுக்கி வந்தான். மற்றவன் பலகைபோல் விழுந்து, ஒரு தடவை உருண்டு, உடனே எழுந்து ஓடினான். இதைச் சொல்லும்போது மட்டும் அழகுமுத்துவின் குரல் கொஞ்சம் உயரும்.

“விழுந்தவன் எந்திரிச்சு ஓடுறான் டீச்சர். ஒன்னுமே நடக்காத மாதிரி. எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. யாருக்கும் ஒன்னும் தோணல.”

விழுவதைச் சரியாகச் செய்ய அவர் பட்ட பாட்டில் ஏஞ்சலாவுக்கும் பாதிப் பங்கு உண்டு. வெளிநாட்டுக் கம்பனிகளில் உண்மையான ஆட்டக்காரர்களின் உடம்பில் வெள்ளைக் குண்டுகளை ஒட்டி, சுற்றிலும் கமராக்கள் வைத்து அசைவைப் பிடிக்கிறார்கள் என்று அழகுமுத்து எங்கோ படித்தார். ஏஞ்சலா ஒரு கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் தைத்து, கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை என்று ஒவ்வொரு மூட்டிலும் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்தார். கல்யாண வீடியோ எடுக்கிற கந்தப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவைக் கொடுத்து உதவினார். கடைக்குப் பின்னால் இருக்கும் சரிவில் பழைய சாக்குகளை விரித்து, பொத்தான் உடுப்போடு அழகுமுத்து ஓடி வந்து விழுவார். ஏஞ்சலா படம் பிடிப்பார். பிறகு தையல் அளவு வெட்டும் மெல்லிய தாளைத் திரையின்மேல் ஒட்டி, படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி, பொத்தான்கள் இருக்கிற இடத்தைப் பென்சிலால் குறிப்பார்கள். அந்தத் தாள்கள் ஒரு துணிக் கட்டின் உயரத்துக்கு மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன.

“நாலு வருசமா விழுந்துகிட்டே இருக்காரு டீச்சர்” என்று ஏஞ்சலா சிரிப்பார். “பக்கத்துக் கட முதலாளி என்னையக் கூப்பிட்டுக் கேட்டாரு, ஒங்க வீட்டு மாத்தயாவுக்கு வலிப்பு வியாதியா, மருந்து எடுக்கலயான்னு.”

எத்தனை தடவை விழுந்தும் அது வரவில்லை. காரணம் அழகுமுத்துவுக்குத் தெரிந்திருந்தது. “நாமளா விழுந்தா, விழப்போறோம்னு ஒடம்புக்குத் தெரிஞ்சிருது. கை முந்திக்கிட்டு வந்துருது. தெரியாம விழுறவன் வேற மாதிரி விழுவான்.”

“அதைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரே” என்று நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவர் எட்டாம் வகுப்பு வினாத்தாளை எடுத்து, எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டார்.

போன ஆகஸ்ட் மாதம், பிற்பகல் இரண்டு மணி இருக்கும். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் வினாத்தாள்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தேன். மரப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. ஓர் அடி, பிறகு ஓர் இழுப்பு. ஓர் அடி, ஓர் இழுப்பு. கணினிக்கு முன்னால் இருந்த அழகுமுத்து திரும்பவில்லை. ஆனால் அவருடைய பின்கழுத்து விறைத்ததை நான் பார்த்தேன். ஏஞ்சலா இயந்திரத்தை நிறுத்தாமல் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து பார்க்காததிலிருந்தே அழைத்தவர் அவர்தான் என்று விளங்கிவிட்டது. லிந்துலைக் கோயில் திருவிழாவுக்குப் போனபோது பொன்னையாவைக் கண்டு சொல்லியிருக்கிறார்.

வாசலில் நின்றவர் உயரமானவர். நனைந்த குடையை மடக்கிக் கதவோரம் சாத்தினார். தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுப்பவர் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். காக்கிச் சட்டைப் பையில் ஒரு பேனை.

அழகுமுத்து எழுந்தார். “வா… வாங்க” என்றார்.

“என்னா, வாங்க போங்கன்னு?” என்றார் பொன்னையா. பதினொரு வருடங்களில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை என்று ஏஞ்சலா பிறகு சொன்னார். கல்யாண வீடுகளில் தலையசைத்துக்கொள்வதோடு சரியாம்.

அறையில் இன்னொரு நாற்காலி இல்லை. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் இருக்கும் குட்டை முக்காலியில் பொன்னையா பக்கவாட்டாக இறங்கி இருந்தார். இடது கால் மடங்காமல் நேராக நீண்டு தையல் இயந்திரத்தின் மிதிவரை போனது.

“நான் விழுந்தத ஏதோ கம்பியூட்டர்ல செஞ்சு வச்சிருக்கியாம்ல. காட்டு.”

அழகுமுத்து காட்டினார். நீலச் சட்டைக்காரன் பந்தோடு ஓடி வருகிறான், விழுகிறான். நான் பல தடவை பார்த்ததுதான். உலகம் முழுவதும் பாராட்டிய விழுதல். பொன்னையா கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாம் தடவை பார்த்து முடித்ததும் தலையை ஆட்டினார்.

“இவன் ஒடனே விழுறான்.”

“ஒடனேதானே…” என்றார் அழகுமுத்து.

“இல்லடா. நீ அப்ப கீழ கெடந்த, ஒனக்குத் தெரியாது. நான் இன்னொரு அடி வச்சேன்.”

அழகுமுத்து அவரையே பார்த்தார்.

“காலு முறிஞ்சது ஒடம்புக்குத் தெரியல. வலியும் அப்ப இல்ல. பந்து அந்தா இருக்கு, எட்டுற தூரத்துல. இன்னொரு அடி வச்சேன். அங்க காலு இல்ல. படியில எறங்குறப்ப கடைசிப் படின்னு நெனச்சு வச்சா இன்னொரு படி இருக்கும்ல, அந்த மாதிரி. அப்புறந்தான் விழுந்தேன். கையெல்லாம் வரல. மூஞ்சிதான் மொதல்ல பட்டுச்சு.” பொன்னையா தன் தாடையில் இருந்த பழைய தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

அழகுமுத்து விசைப்பலகைப் பக்கம் திரும்பி வேலையைத் தொடங்கினார். முக்கால் மணித்தியாலம் பிடித்தது. விழுவதற்கு முன்னால் எட்டுப் படங்களைச் செருகினார். முறிந்த கால் முன்னே வருகிறது, ஊன்றுகிறது, முழங்காலுக்குக் கீழே தாங்காமல் போகிறது. “இன்னும் கொஞ்சம் முன்னால சாயணும்” என்பார் பொன்னையா. “தல நிமிந்துதான் இருக்கும், பந்தப் பாத்துக்கிட்டு” என்பார். அவருக்கு அதில் ஒரு துக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. தராசில் கூடை நிறுக்கிறவரின் அக்கறைதான் இருந்தது. கடைசியில் ஓட விட்டபோது, திரையிலிருந்தவன் இல்லாத காலில் ஓர் அடி வைத்து, முகம் நிலத்தில் பட விழுந்தான். வினாத்தாள் கட்டு என் மடியிலேயே கிடந்தது.

“ம்” என்றார் பொன்னையா. “இதுதான்.”

பிறகு கேட்டார்: “காலு போட்டவன் எங்க?”

சறுக்கி வருகிறவனுடைய அசைவு வேறொரு கோப்பில் இருந்தது. அதை அழகுமுத்து தொட்டதேயில்லை. விளையாட்டோடு வந்தது அப்படியே கிடந்தது. அதைத் திறந்து, இருவரையும் ஒன்றாக ஓட விட்டார். சிவப்புச் சட்டைக்காரன் பக்கவாட்டிலிருந்து சறுக்கி வருகிறான். அவனுடைய முகம் பந்தை நோக்கி இருக்கிறது. கால் படுகிறது. நீலச் சட்டைக்காரன் ஓர் அடி வைத்து விழுகிறான். மழை சற்று ஓய்ந்து, கீழே கண்டி பஸ்காரர் கூவுவது கேட்டது.

அழகுமுத்து கோப்பை முதல் படத்துக்குக் கொண்டுவந்தார். சிவப்புச் சட்டைக்காரனின் கழுத்து மூட்டைத் தெரிவுசெய்தார். தலையைச் சிறிது சிறிதாகத் திருப்பத் தொடங்கினார். அடுத்த படம். அதிலும் திருப்பினார். அடுத்தது. எத்தனை படங்கள் என்று நான் எண்ணவில்லை. ஏஞ்சலாவின் இயந்திரம் எப்போது நின்றது என்றும் கவனிக்கவில்லை. முடித்தபின் ஓட விட்டார்.

சிவப்புச் சட்டைக்காரன் சறுக்கி வந்தான். பந்து அவனுக்கு முன்னால் உருண்டது. அவன் பந்தைப் பார்க்கவில்லை. தொடக்கத்திலிருந்து கடைசிவரை மற்றவனின் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஏஞ்சலா கையிலிருந்த துணியை மடியில் வைத்தார். அழகுமுத்து திரும்பவில்லை, திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

“தெரியும்” என்றார் பொன்னையா.

“எப்பருந்து?”

“லொறில ஏத்துறப்பவே தெரியும். நீ பக்கத்துல வந்து நின்ன. அப்பவும் என் காலத்தான் பாத்துக்கிட்டிருந்த.” சற்றுப் பொறுத்துச் சொன்னார்: “நீ எந்தப் பக்கம் பாத்தன்னு எனக்குத் தெரியும்டா. நீ சொல்லுவியான்னுதான் தெரியாம இருந்துச்சு.”

அழகுமுத்துவின் தோள்கள் இரண்டும் இறங்கின. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. மறுபடியும் முயன்றார். “பொன்னையா, நான்…” என்பதோடு நின்றுவிட்டது. பொன்னையா காத்திருந்து பார்த்தார். பிறகு, அது வராது என்று தெரிந்ததுபோல, திரைப்பக்கம் கையைக் காட்டினார்.

“இத வெளிய அனுப்பப்போறியா?”

“அனுப்பணும். இதுதானே உண்ம.”

“எனக்கும் ஒனக்கும் உண்ம. இத அனுப்புனா ஒலகத்துல காலு போடுற ஒவ்வொருத்தனும் இப்படித்தான் பாப்பான். எல்லாரும் ஒன்னைய மாதிரி பாக்குறதில்லடா. பந்தப் பாத்து வந்து தவறுதலா காலு பட்டவன்தான் அதிகம். அவனுங்க தலையப் பந்துப் பக்கமே திருப்பி வையி.”

அழகுமுத்து பழைய கோப்பை எடுத்து, பந்தைப் பார்க்கும் தலையோடு, அந்த இன்னோர் அடியை மட்டும் சேர்த்து, அனுப்புவதற்கென்று தனியாக வைத்தார். காலைப் பார்க்கும் தலையுள்ளதை அழிக்கவில்லை. அதற்கு என்ன பெயர் வைத்தார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

இதை எழுதலாமா என்று இருவரிடமும் அப்போதே கேட்டேன். பொன்னையா தோளைக் குலுக்கினார். “எழுதுங்க டீச்சர், பேரப் போட்டே எழுதுங்க” என்றார் அழகுமுத்து.

ஏஞ்சலா பிளேன்டீ கொண்டுவந்தார். குடித்தார்கள். பேச்சு வேறெங்கோ போனது. இந்த வருடம் கொழுந்து குறைவு என்றார் பொன்னையா. மேற்பிரிவு மைதானத்தில் பாதியைச் சரிவு தின்றுவிட்டதாம். நான்கு மணிக்குத் தலவாக்கலைப் பக்கம் போகும் பஸ் இருப்பதாகச் சொல்லிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

முக்காலி குட்டையானது, மடங்காத காலோடு அதிலிருந்து எழுவது எளிதல்ல. பொன்னையா ஒரு கையை மேசை விளிம்பில் வைத்துப் பார்த்தார். ஏஞ்சலா ஓடிப்போய் அவருடைய தோளைப் பிடித்தார்.

“நீ விடும்மா” என்றார் பொன்னையா. பிறகு கையை நிமிர்த்தி, அழகுமுத்துவின் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தார்.